எறும்பு செத்த டின்

லாக்கப்பில் இருக்கும் அக்காவுக்குக் கோப்பி வாங்கிக்கொண்டு போகும்போது பொன்னுதுரையின் கை வெந்துவிட்டது.

முச்சந்திக் கோப்பிக்கடை முதலாளி தவுக்கே வழக்கம்போலக் காலிப் பால் டின்னில்தான் ஊற்றிக் கொடுத்திருந்தார். மூடியை முக்கால் வட்டம் வெட்டி நிமிர்த்தி, அதில் ஓட்டை போட்டுச் சணல் கோத்த டின். தெருத் தெருவாகப் பொறுக்கிக் கண்ணம்மா கொண்டுவந்து கொடுப்பது. மலாக்காவில் கோப்பி வாங்கிக்கொண்டு நடக்கிறவர்கள் கையிலெல்லாம் அதுதான் ஆடும். ஆனால் இந்த டின்னின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி மூக்காக நீண்டிருந்தது. நடக்க நடக்க, அந்த மூக்கு வழியாகக் கோப்பி அவன் விரலில் ஊற்றிக்கொண்டே வந்தது.

"உன்னையும் ஸ்டேஷன்ல வெச்சு விசாரிச்சாங்களா?" என்று டின்னைக் கேட்டான். துப்பறியும் தம்பிராஜாவிடம் உதவியாளாகச் சேர்ந்த நாளிலிருந்து பொன்னுதுரைக்கு வாய் சும்மா இருந்ததில்லை. இன்றைக்கு அந்த வாய் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது, கால் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

காஜா பெராங் காவல் நிலையத்துக் கம்பிக்குப் பின்னால் அஞ்சலை தரையில் உட்கார்ந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனைச் சோறு விற்று வளர்த்த அக்கா. அவள் மேல் இருந்த குற்றம், சோற்றில் விஷம் வைத்தாள் என்பது.

"அக்கா, நேத்திலேர்ந்து பச்சைத் தண்ணிகூட குடிக்கலியாமே. இந்தக் கோப்பியாவது குடிக்கா."

"அந்த மனுஷன் கண்ணு முழிச்சாரா?"

"இன்னும் இல்ல."

"வெச்சிட்டுப் போ. ஆறட்டும்."

"சூடா குடிக்கா. என் கையை வேக வெச்சு எடுத்தாந்தது. நீ குடிச்சாத்தான் நான் நகருவேன்."

"சின்னப் புள்ள மாதிரி அடம் புடிக்காத, தம்பி." அவள் டின்னை வாங்கி, சணலைக் கம்பியில் மாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேசையருகே தம்பிராஜா சார்ஜன் கருணாகரனிடம் பேசிக்கொண்டிருந்தார். தம்பிராஜா பழைய போலீஸ்காரர். உடம்பு ஒல்லி, மீசை தடிப்பு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில் இருக்கும், பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்தாலும் அதை எறிய மாட்டார்.

"சந்தேகப்பட என்ன இருக்கு, தம்பிராஜா?" என்றார் சார்ஜன். "சுதந்திர ஊர்வலத்துக்கு மெர்டேக்கா வளைவு கட்டுற தச்சருங்க எல்லாருக்கும் இவதான் மத்தியானச் சோறு. மத்தவங்களுக்குப் புளிச்சோறு. அவங்களை மேய்க்கிற மண்டோர் கலியாணசுந்தரத்துக்குக் காரம் ஆகாதுன்னு தயிர்ச்சோறு, தனிப் பொட்டலம். ஒரே வளைவு, ஒரே நேரம், பக்கத்துப் பக்கத்துல உக்காந்து எல்லாரும் தின்னாங்க. விழுந்தது மண்டோர் ஒருத்தருதான்."

"சண்டை?"

"ஊர்வலத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு இவ ஒட்டுக்கடையை எடுக்கச் சொன்னாரு. இவ நடுரோட்டுல நின்னு, 'என் பொழப்புல மண்ணைப் போட்டவன் வாயில சோறு இறங்காது'ன்னு கத்துனா. தெருவே கேட்டிருக்கு."

"அது எங்கக்கா தினமும் சொல்றது சார்," என்றான் பொன்னுதுரை. "எனக்கே வாரம் ரெண்டு தடவை சொல்லும். நான் எப்படி இருக்கேன் பாருங்க."

சார்ஜன் சிரிக்கவில்லை. திட்டுவதும் சோறு போடுவதும் அஞ்சலைக்கு இரண்டு வேறு வேலைகள் என்பதை எந்தச் சார்ஜனுக்கு விளங்க வைப்பது?

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார் தம்பிராஜா.

"என்ன விஷம்னு தெரிஞ்சா மாத்து மருந்து இருக்காம். தெரியாம ஊசி போட்டா அதுவே ஆளை முடிச்சிருமாம். சாயங்காலம் தாண்டாதுங்கறாரு. அந்த இலை கிடைச்சா ஏதாச்சும் தெரியும். குப்பைத்தொட்டி எல்லாம் கவுத்துப் பாத்தாச்சு, காணோம். இவதான் மறைச்சிட்டா."

"மறைக்கல," என்று உள்ளேயிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "என் இலை குப்பைக்குப் போவாது."

தம்பிராஜா மெல்லத் திரும்பினார். "வேற எங்க போவும், அஞ்சலை?"

"சாப்பிட்டுக் கூடையில போடுவாங்க. சாயங்காலம் செமாபோக்கிலேர்ந்து ஆ சோங் வந்து எடுத்துக்குவான். சோறு ஒட்டுனது பன்னிக்கு, இலை எருக்குழிக்கு. அதுக்கு மாத்தா புது இலையும் கீரையும் குடுப்பான். மேல சுத்துற பேப்பர்ல நல்ல தாளு பசை போட்டுப் பையாயிரும், கிழிஞ்சது அடுப்புக்கு. எதையும் நான் வீதியில எறியறதில்ல."

தம்பிராஜாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. அவருக்குப் பிடித்த பேச்சு அது. "பாத்தியாடா பொன்னு? குப்பைன்னு ஒண்ணு கிடையாது. இடம் மாறுற சாமான், அவ்வளவுதான்."

"நம்ம ஆபீஸ் நாற்காலியும் அப்படித்தான் சார், எந்தத் தொட்டியிலேர்ந்து இடம் மாறி வந்ததோ."

சைக்கிளை எடுக்கத் தம்பிராஜாவின் வீட்டுக்குப் போனார்கள். காஜா பெராங் தெரு முழுவதும் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். தம்பிராஜா அதற்கும் ஒரு படி மேலே. வீட்டு முன்னால் கொடிக்கம்பம் நடுவதற்காக, போன ஞாயிற்றுக்கிழமை லாலான் புல்லை எல்லாம் ஒழித்திருந்தார். கித்தா ரப்பர்த் தோட்டத்துச் சிநேகிதரிடம் வாங்கி வந்த புல்லு மருந்தைக் கலக்கி ஊற்றியது பொன்னுதுரை. வேலை முடிந்ததும் புழங்கிய சாமானையெல்லாம் அவன் கையில் கொடுக்காமல், தானே கழுவி வேலியில் கவிழ்த்தது தம்பிராஜா. இடுப்பளவு நின்ற லாலான் இப்போது பழுப்பாகப் படுத்துக் கிடந்தது, நடுவில் வெள்ளைக் கம்பம் நின்றது.

"சுதந்திரம் வந்துதோ இல்லியோ, லாலானுக்கு விடுதலை கிடைச்சிருச்சு," என்றான் பொன்னுதுரை. தம்பிராஜா பின்னால் ஏறிக்கொள்ள, அவன் செமாபோக் பக்கம் மிதித்தான். மிதிக்க மிதிக்க அக்காவின் திரும்பிய முகமே கண்ணில் நின்றது.

ஆ சோங்கின் தோட்டம் வாசத்தாலேயே தன்னை அறிவித்துவிடும். முன்னால் கீரைப் பாத்தி, பின்னால் வாழை, ஓரத்தில் பன்றிக்கொட்டில், அதற்கும் இதற்கும் நடுவே ஆவி பறக்கும் எருக்குழி. அஞ்சலையின் இலை இந்தக் குழியில் மக்கி, மண்ணாகி, வாழைக்கு உரமாகி, மறுபடி இலையாகி அவள் கடைக்கே போய்ச் சேரும். ஆ சோங்குக்குத் தமிழ் வராது. சந்தையில் புழங்கும் பாசார் மலாயில்தான் பேச்சு, அதையும் கோபத்தோடுதான் பேசுவான்.

"சோத்துக்காரம்மா கடை ஏன் இன்னிக்கு மூடிக் கிடக்கு? நான் இலை வெட்டி வெச்சிட்டேன்!"

தம்பிராஜா விஷயத்தைச் சொன்னார். ஆ சோங் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"மண்டோரோட இலை வந்துச்சா? எப்படி அடையாளம் தெரியும் உனக்கு?"

"தெரியாமலா! எல்லாரும் தின்னுட்டு இலையை மடிச்சுப் போடுவாங்க, பொட்டலம் கட்டுன நாரை அறுத்து எறிவாங்க. அந்த ஒரு ஆளு மட்டும் முடிச்சை அவிழ்த்துத் தின்னுட்டு, சுருட்டி, பழையபடி ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிப் போடுவான். தச்சன் முடிச்சு! தினம் நான் கத்தியாலதான் வெட்டணும். பன்றிக்குப் பிரிக்கத் தெரியாது."

"நேத்து?"

"நேத்தும் வெட்டினேன். பாதி சோறு அப்படியே இருந்துச்சு. வெள்ளைச் சோறு."

பொன்னுதுரை முந்திக்கொண்டு கேட்டான். "அந்தச் சோத்தை என்ன பண்ணீங்க?"

ஆ சோங் கொட்டிலைக் காட்டினான். மூலையில் ஒரு பெரிய பெட்டைப் பன்றி, தனித் தொட்டியில் மூக்கை விட்டு உறுமிக்கொண்டிருந்தது. குட்டி போடப் போகிறதாம், அதனால் தயிர்ச்சோறு எப்போதும் அதற்கு மட்டும்தானாம். "செத்துச்சான்னு பாக்கிறியா? கெமோக்!" என்று அதன் முதுகில் தட்டினான். கொழுத்துத்தான் இருந்தது.

வெட்டிய நாரையும் இலையையும் குழியிலிருந்து கிளறி எடுத்துக் கொடுத்தான். மற்ற இலைகளோடு சேர்ந்து அதுவும் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் நாரில் முடிச்சு கலையவில்லை.

"சார்!" பொன்னுதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம பக்கத்துச் சாட்சியைக் கோர்ட்டுல எப்படி சார் ஏத்துறது? கூண்டு பத்தாதே!"

"சோத்துல இல்லேன்னு தெரிஞ்சிருச்சு," என்றார் தம்பிராஜா. குரலில் சந்தோஷம் இல்லை. "ஆனா மண்டோர் பொழைக்கணும்னா எதுல இருந்துச்சுன்னு தெரியணும். ஒரு மனுஷன் பாதிச் சோத்தை ஏன்டா வைக்கிறான்? தின்னும்போதே வயிறு புரட்டியிருக்கு. அப்ப சோத்துக்கு முன்னாடியே ஏதோ உள்ள போயிருக்கு. மிதி."

வளைவில் வேலை நின்றுபோயிருந்தது. மூங்கில் சாரத்தடியில் இரண்டு தச்சர்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மண்டோர் சோத்துக்கு முன்னாடி என்ன சாப்பிட்டாரு?"

"சோத்துக்கு முன்னாடி ஒண்ணும் சாப்பிட மாட்டாருங்க," என்றான் ஒருவன். "கோப்பி குடிச்சாரு. அது எப்பவும் குடிக்கிறதுதானே. நாங்களும் குடிச்சோம், அதே கடை."

"குடிச்ச டின்?"

தச்சன் தலைக்கு மேலே காட்டினான். சாரத்தின் குறுக்கு மூங்கிலில் பால் டின்கள் வரிசையாகத் தொங்கின. குடித்து முடித்த டின்னை எந்தத் தச்சன் எறிவான்? சணல் இருக்கிறது, மூங்கில் இருக்கிறது, ஆணி போட்டு வைக்க அதைவிட நல்ல பாத்திரம் எது?

தம்பிராஜா வரிசையைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே நடந்தார். மூங்கிலில் செவ்வெறும்புச் சாரி ஒன்று ஓடியது. கோப்பிச் சீனி ஒட்டிய டின் ஒவ்வொன்றிலும் அது இறங்கி, மொய்த்து, மேலே ஏறியது. கடைசி டின்னுக்கு வரும்போது சாரி தயங்கி, சுற்றிக்கொண்டு திரும்பியது.

"பொன்னு, அதை இறக்கு."

பொன்னுதுரை இறக்கி, ஆணியை உள்ளங்கையில் கவிழ்த்தான். ஆணியோடு எறும்புகளும் விழுந்தன. எல்லாம் செத்த எறும்பு, கை நிறைய.

"மண்டோர் டின்னுதான் அது," என்றான் தச்சன்.

பொன்னுதுரை டின்னுக்குள் எட்டிப் பார்த்தான். உள் பக்கத்தில், பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே, கத்தி முனையால் கீறிய ஒரு கோடு இருந்தது.

அந்தக் கோட்டை அவனுக்குத் தெரியும். 'இதுக்கு மேல ஒரு சொட்டு போச்சுன்னா என் ரோஜாச் செடியும் போயிரும்டா' என்று சொல்லிக்கொண்டே, போன ஞாயிற்றுக்கிழமை பேனாக்கத்தியால் அதைக் கீறியவர் இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். புல்லு மருந்து அளந்த டின். வேலியில் கவிழ்த்திருந்ததைப் பழைய டின் பொறுக்கும் கண்ணம்மா எடுத்துப் போயிருப்பாள், கோப்பிக்கடையில் கொடுத்திருப்பாள். டின்னின் மடிப்புக்குள் உறைந்த மருந்தை எந்தச் சுடுதண்ணீர் கழுவும்?

டின்னை அவன் கை தானாகவே இறுக்கி மூடிக்கொண்டது. வாயில் வேடிக்கைப் பேச்சு ஒன்றும் வரவில்லை. சொன்னால் சோறு போடும் முதலாளி போவார். சொல்லாவிட்டால் சோறு போட்டு வளர்த்த அக்கா போவாள்.

"கொண்டா," என்றார் தம்பிராஜா.

கொடுத்தான். அவர் டின்னை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அந்தத் தடித்த மீசைக்குக் கீழே உதடு வெளுத்துப் போனது.

"நம்ம வீட்டு டின்னுடா."

"சார், வேற யாராச்சும்கூட…"

"என் கோடு எனக்குத் தெரியாதா? அந்தத் தோட்டத்துக்காரன் டின்னைப் புதைச்சிருன்னு சொன்னான். நல்ல டின்னாச்சேன்னு கழுவி வேலியில கவுத்தேன். எனக்கு எதையும் எறிய மனசு வராது, தெரியுமில்ல." அவர் குரல் உடைந்தது. "உங்கக்காவை உள்ள தள்ளினது நான்டா."

பொன்னுதுரைக்குக் கோபம் வரவேண்டிய நேரம் அது. வந்தது. ஆனால் வந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் ஒரே நொடியில் கிழவராகிவிட்டிருந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போவோம்," என்றார் தம்பிராஜா. "என்ன மருந்துன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும். நல்லவேளை, ஒரு டின்னு…"

அவர் நிறுத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஒரு டின் இல்லை. அளக்க ஒன்று, ஊற்ற ஒன்று. ஊற்றுவதற்கு வசதியாக இரண்டாவது டின்னின் விளிம்பை இடுக்கியால் நசுக்கி, தம்பிராஜாதான் மூக்கு வைத்தார். இரண்டையும் ஒன்றாகத்தான் வேலியில் கவிழ்த்தார்.

பொன்னுதுரை வெந்த விரலைப் பார்த்தான்.

பிறகு அவன் சைக்கிளை எப்படி எடுத்தான், எதை இடித்தான் என்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை. 'நீ குடிச்சாத்தான் நான் நகருவேன்' என்று தான் சொன்னது மட்டும் காதில் அடித்துக்கொண்டே வந்தது. அக்கா கவலையில், தானே மருந்து ஊற்றிய அந்த மூக்கு டின்னை அடையாளம் தெரியாமல் போயிற்றே. அவன் போன பிறகு, தம்பி மனசு நோகக்கூடாதே என்று அவள் குடித்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான். நிலையத்து வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு, குறுக்கே வந்த காவலரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

கம்பியில் டின் இல்லை.

"அக்கா!"

அஞ்சலை சுவரில் சாய்ந்திருந்தாள். டின் அவள் மடியில், இரண்டு கைகளுக்கும் நடுவே இருந்தது.

"குடிச்சியா? அக்கா, குடிச்சியா?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஏன்டா கத்துற? வாய்கிட்ட கொண்டு போனேன். முடியலடா தம்பி. அந்த மனுஷன் என் கைச் சோத்தைத் தின்னுட்டு நினைவில்லாமக் கிடக்கிறாரு. அவரு கண்ணு முழிக்காம எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

பொன்னுதுரை கம்பிக்குள் கையை விட்டு டின்னைப் பிடுங்கினான். அது நிறைந்திருந்தது. கோப்பியின் மேல் ஆடை கட்டியிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான், யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல்.

சற்று நேரத்தில் தம்பிராஜா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சார்ஜனின் மேசையில் ஆணி டின்னை வைத்தார். அதன் பக்கத்தில் மூக்கு டின்னை வைத்தார். இலை, நார், எறும்பு, பன்றி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாகப் புல்லு மருந்தின் பெயரைச் சொல்லி, "முதல்ல டாக்டருக்குப் போனைப் போடு, கருணாகரா. மத்ததை அப்புறம் எழுதிக்கலாம்," என்றார்.

சார்ஜன் போன் செய்தார். மறுமுனையில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு, "மருந்து ஏத்தறாங்களாம். சாயங்காலம்தான் சொல்ல முடியுமாம்," என்றார். பிறகு தயங்கி, "டின்னு யாரோடதுன்னு எழுதறது?" என்று கேட்டார்.

"தெரியலைன்னு சொல்லுங்க சார்," என்று பொன்னுதுரை தம்பிராஜாவின் காதில் மெதுவாக முணுமுணுத்தான். அவனுக்கே அது ஏன் வாயில் வந்ததென்று புரியவில்லை.

"என்னோடது," என்றார் தம்பிராஜா. "என் வீடு, என் டின், என் புத்தி. எழுது."

சார்ஜன் பூட்டைத் திறந்தார். அஞ்சலை வெளியே வந்தாள். விசாரணை முடியும்வரை தம்பிராஜா அங்கேயே இருக்கவேண்டும் என்று சார்ஜன் சொன்னதும், அவர் வாசல் பக்கத்து பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தார். அவள் அவர் எதிரே போய் நின்றாள். தம்பிராஜா நிமிரவில்லை. திட்டப்போகிறாள் என்று பொன்னுதுரை நினைத்தான். திட்டட்டும் என்றும் நினைத்தான்.

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பசியாறினீங்களா?" என்று கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"மண்டோர் கண்ணு முழிக்கட்டும். அவருக்குக் கட்டும்போது உங்களுக்கும் கட்டிக் கொண்டாரேன்," என்றாள் அஞ்சலை. மேசைமேல் இருந்த இரண்டு டின்களையும் ஒருமுறை பார்த்தாள். "இலையில."